ஏரிக்கரையும் இருப்புப்பாதையும்: அண்ணனூர் வழியே ஒரு தல யாத்திரை

சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் நோக்கிச் செல்லும் மின்ரயிலில் அமர்ந்திருக்கும் அன்பர்கள், திருமுல்லைவாயில் நிலையம் வந்ததும் கையிலுள்ள பூக்கூடையையும் தேங்காய்ப் பையையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். மாசிலாமணீசுவரரையும் கொடியிடை அம்மனையும் தரிசிக்க வந்தவர்கள் அவர்கள். வண்டி மீண்டும் புறப்பட்டு, இரண்டொரு நிமிடத்தில் அடுத்த நிலையத்தில் நிற்கும். அங்கே கோயிலுக்கென்று இறங்குபவர்கள் அரிது. வேலை முடிந்து வீடு திரும்புவோர் இறங்குவர். ரயில்வே ஊழியர் சிலர் ஏறுவர். அந்த நிலையத்தின் பெயர் அண்ணனூர். அன்னனூர் என்று எழுதுவாரும் உண்டு.

பாடல் பெற்ற தலம் அன்று. ஆழ்வார் மங்களாசாசனம் செய்த திருப்பதியும் அன்று. ஆயினும், இத்தனை ஆண்டுகளாக இந்தப் பாதையில் போய் வரும் எனக்கு, இந்தச் சிற்றூரைப் பற்றி நம் வாசகர்களிடம் சில செய்திகளைச் சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்து வருகிறது. அதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

அண்ணனூருக்குக் கிழக்கே திருமுல்லைவாயில், மேற்கே ஆவடி, தெற்கே அயப்பாக்கம். இன்னும் தெற்கே சென்றால் மூர்க்க நாயனார் அவதரித்த திருவேற்காடு. அதனையும் கடந்தால் திருக்கச்சி நம்பிகள் பிறந்த பூந்தமல்லி, சேக்கிழார் பெருமான் பிறந்த குன்றத்தூர். இப்படி அடியார்கள் பிறந்த ஊர்களுக்கு நடுவே, ஏரிகளும் வயல்களுமாகக் கிடந்த பூமி இது. பழைய தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களில் புழற்கோட்டத்தைச் சேர்ந்த பகுதி. தொண்டை நாட்டுக்குக் காவிரியைப் போல் ஒரு ஜீவநதி கிடையாது. பாலாறும் கொசத்தலையாறும் மழைக்காலத்தில் பெருகி, கோடையில் மணலாகிவிடும். ஆகவே நம் முன்னோர் செய்த ஏற்பாடு ஏரி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையை ஒரு சொட்டும் வீணாக்காமல் கரைகட்டித் தேக்கி, ஒரு ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஊர் ஏரிக்குச் சேரும்படி சங்கிலித் தொடராக அமைத்தார்கள். அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு என்று இன்றும் பெயர் சொல்லும் ஏரிகள் இந்த வட்டாரத்தில் பல உள்ளன.

ஏரியை நம்பிய சாகுபடிக்கு மூன்று போகப் பெயர்கள் இருந்தன. சித்திரை, வைகாசியில் தொடங்கி ஆடி, ஆவணிக்குள் முடிவது சொர்ணவாரி. ஆவணியில் விதைத்துத் தையில் அறுப்பது சம்பா. மார்கழி, தையில் நட்டுப் பங்குனி, சித்திரையில் களத்துக்கு வருவது நவரை. எல்லா ஊரிலும் மூன்றும் விளைந்தன என்று எண்ண வேண்டாம். ஏரியில் தண்ணீர் நின்ற அளவுதான் போகத்தின் அளவு. தைப் பொங்கலன்று புதுப்பானையில் ஏறிய அரிசி சம்பா அரிசி. மாசிமகத்துக்குள் ஏரி எவ்வளவு வற்றியிருக்கிறது என்று கரைமேல் ஏறிப் பார்த்துத்தான் குடியானவன் அடுத்த போகத்தைப் பற்றிப் பேசுவான்.

அந்தக் கரைமேல் தெய்வமும் இருக்கும். தொண்டை நாட்டு ஊர்களில் ஏரிக்கரையில் கன்னிமார் எழுவர், எல்லையில் எல்லையம்மனோ பிடாரியோ, ஊருக்கு வெளியே ஐயனார் என்று ஓர் ஒழுங்கு உண்டு. கரை உடையாமல் காப்பது கன்னிமார் பொறுப்பு. மதகைத் திறந்து முறைவைத்து நீர் பாய்ச்சுவது அதற்கென அமர்த்தப்பட்ட ஆளின் பொறுப்பு. இருவருக்கும் அறுவடையில் பங்கு உண்டு. இதனை உயர்வு நவிற்சி என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கில் எழுதப்பட்ட செய்தி இது.

1763-ல் ஆற்காட்டு நவாபு முகம்மது அலி, இந்தப் பகுதி அடங்கிய செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். தங்கள் கைக்கு வந்த சீமையில் என்ன இருக்கிறது என்று அறியக் கம்பெனியார் தாமஸ் பர்னார்டு என்ற அதிகாரியை அனுப்பினார்கள். 1767 முதல் 1774 வரை அவர் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதித் தந்த விவரங்களே அந்த ஆய்வுக்கு அடிப்படை. அவற்றில் பல ஓலைகள் இன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. திருப்போரூர், வடக்குப்பட்டு என்ற இரண்டு ஊர்களின் கணக்கு ஆராய்ச்சியாளர்களால் நூலாகவும் பதிப்பிக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் கணக்கில் நம்மை வியக்க வைப்பது ஒன்று. களத்துமேட்டில் நெல்லை அளக்கும்போது, சர்க்கார் பங்கு, குடி பங்கு என்று பிரிப்பதற்கு முன்னரே, மொத்த விளைச்சலிலிருந்து ஒரு பகுதியை எடுத்து வைத்துவிடுவார்கள். கோயிலுக்கு இவ்வளவு, ஏரி மராமத்துக்கு இவ்வளவு, கணக்குப்பிள்ளைக்கு, காவல்காரருக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, ஏரி நீர் பாய்ச்சுபவருக்கு என்று ஒவ்வொருவருக்கும் அளவு குறிக்கப்பட்டிருந்தது. மேரை என்றும் சுதந்திரம் என்றும் இதற்குப் பெயர். இதைத் தவிர நிலமாகவே விடப்பட்டது மானியம். ஊர்க் கோயிலும் கொல்லர் பட்டறையும் ஒரே களத்துமேட்டில், ஒரே மரக்காலால் தத்தம் பங்கைப் பெற்றன. கோயில் ஊரிலிருந்து பிரிந்து தனியே நின்ற ஒரு நிறுவனமாக அன்று இருந்ததில்லை. அது களத்துமேட்டுப் பங்காளிகளில் ஒருவர். மூத்த பங்காளி என்று சொன்னால் பொருந்தும்.

இத்தகைய ஊர்களுக்கு நடுவே 1850-களில் அளவுச் சங்கிலியும் கொடிக்கம்புமாக எஞ்சினியர்கள் வந்தார்கள். சென்னை ரயில்வே கம்பெனி, கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை இருப்புப்பாதை போடத் திட்டமிட்டது. 1853-ல் ராயபுரத்தில் வேலை தொடங்கியது. 1856 ஜூன் 28 அன்று ராயபுரம் நிலையத்தைக் கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்தார். ஜூலை 1 அன்று பொதுமக்களுக்கான போக்குவரத்து தொடங்கிற்று. ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்கு, அதாவது இன்று வாலாஜா ரோடு என வழங்கும் நிலையம் வரை, சுமார் 100 கிலோமீட்டர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை இதுவே. அண்ணனூரின் வயல்களை ஊடறுத்துச் செல்வது அதே பாதைதான். சென்ட்ரல் நிலையம் அப்போது இல்லை. அது 1873-ல் வந்தது.

பாதை போட்டவர்களுக்கு ஏரிகள் பெருந்தொல்லையாக இருந்திருக்கும். மேற்கே நிலம் சமதளம். மலையில்லை, குகை வெட்ட வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஏரியின் கலங்கல் நீர் மற்றோர் ஏரிக்குப் போகும் வழியை மண்மேடு போட்டு அடைத்துவிட முடியாது. ஒவ்வொரு கால்வாய்க்கும் ஒரு பாலம் வேண்டும். இன்றும் ஜன்னலோரம் அமர்ந்து பார்க்கும்போது, தண்டவாளத்துக்கு அடியில் சிறு சிறு மதகுப் பாலங்கள் தென்படும். அவற்றுள் பல இப்போது எந்த வயலுக்கும் நீர் கொண்டு போவதில்லை.

"இந்துக்கள் ரயிலில் ஏற மாட்டார்கள், பல சாதியாரும் ஒரே பெட்டியில் உட்கார இசைய மாட்டார்கள்" என்ற ஐயம் அக்காலத்துக் கம்பெனிக்காரர்கள் பலருக்கு இருந்தது. நடந்ததோ வேறு. மூன்றாம் வகுப்பில்தான் கூட்டம் பொங்கி வழிந்தது. அதில் பெரும் பங்கு யாத்திரிகர் கூட்டம். திருவள்ளூர் வீரராகவப் பெருமாளைத் தை அமாவாசையில் சேவிக்க மாட்டு வண்டி கட்டிக்கொண்டு முதல் நாளே புறப்பட்டவர்கள், அன்று காலையில் புறப்பட்டு அன்று மாலையே வீடு திரும்பினார்கள். 1871-ல் அரக்கோணம் வழியான வடமேற்குப் பாதை ராய்ச்சூர் வரை நீண்டு பம்பாய்ப் பாதையோடு சேர்ந்ததும் வடநாட்டுக் க்ஷேத்திரங்களும் எட்டும் தொலைவுக்கு வந்துவிட்டன. தாது வருஷப் பஞ்சத்தின்போது (1876 முதல் 1878 வரை) துறைமுகத்தில் இறங்கிய தானியத்தை உள்நாட்டுக்குச் சுமந்து சென்றதும் இத்தகைய பாதைகளே.

இனி, இந்தப் பாதையில் எனக்குப் புலப்பட்ட ஒரு பொருத்தத்தைச் சொல்ல வேண்டும். நம் வாசகர்கள் பெரிய புராணம் கேட்டு வளர்ந்தவர்கள் என்பதால் கதையை விரிக்கத் தேவையில்லை.

திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் செய்து கொடுத்த சபதத்தை மீறி, ஊர் எல்லையைத் தாண்டிய அக்கணமே சுந்தரமூர்த்தி சுவாமிகள் இரு கண் பார்வையையும் இழந்தார். அவர் அங்கிருந்து முதலில் வந்த தலம் இந்த வட திருமுல்லைவாயில். ஏழாம் திருமுறையில் உள்ள முல்லைவாயில் பதிகத்தில், சங்கிலியின் பொருட்டுத் தமக்கு நேர்ந்ததைத் தாமே கூறி, துயரைக் களைய வேண்டும் என்று முறையிடுகிறார். பின் மேற்கே திருவெண்பாக்கம் சென்றார். அங்கே, "கோயிலில் இருக்கிறீரோ" என்று இவர் கேட்க, இருப்பதாகச் சொல்லி, வழியனுப்புவது போல விடைகொடுத்து, இறைவன் ஊன்றுகோல் ஒன்றை மட்டும் அருளினார். அதை ஊன்றிக்கொண்டு பழையனூர்த் திருவாலங்காடு. அதன் பின்னர்க் காஞ்சி. ஏகாம்பரநாதர் சந்நிதியில் இடக்கண் கிடைத்தது. வலக்கண் திருவாரூரில்.

இப்போது ரயில் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம், திருவொற்றியூருக்குத் தெற்கே அதே கடலோரத்தில் இருக்கிறது. பிறகு திருமுல்லைவாயில், திருவள்ளூர், திருவாலங்காடு, அரக்கோணம். அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 1865-லேயே சிறு ரயில் பாதை வந்துவிட்டது. கண்ணிழந்த நம்பியாரூரர் கோலூன்றி நடந்த திசையிலேயே இருப்புப்பாதையும் போகிறது. எஞ்சினியர்களுக்குப் பெரிய புராணம் தெரிந்திருக்க நியாயமில்லை. மேடு பள்ளமில்லாத, நீர் கிடைக்கும், ஊர்கள் நெருங்கிய வழி எதுவோ அதையே நடப்பவரும் தேர்ந்தெடுப்பர். பாதை போடுபவரும் தேர்ந்தெடுப்பர் என்பதுதான் விளக்கம். ஆனாலும், திருமுல்லைவாயிலைத் தாண்டி வண்டி அண்ணனூரை நோக்கி நகரும்போதெல்லாம், பார்வையில்லாத ஒருவர் வயல் வரப்புகளிடையே இப்படித்தானே மேற்கே சென்றிருப்பார், அப்போது கையில் கோல்கூட இல்லையே என்ற நினைவு எனக்கு எழாமல் இருப்பதில்லை. கண்புரை அறுவை செய்துகொண்டு ஒரு வாரம் கட்டுப் போட்டிருந்த நாள்களில் இந்த நினைவு மிகவும் நெருக்கமாக வந்தது.

திருவெண்பாக்கத்தின் பிற்காலக் கதையும் இங்கே சேர்த்துச் சொல்லத் தக்கது. சென்னை நகரத்தின் தாகத்துக்காகக் கொசத்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்டினார்கள். 1944-ல் பணி நிறைவேறியது. அதற்காக முயன்ற மேயர் தீரர் சத்தியமூர்த்தியின் பெயரால் அது இன்று சத்தியமூர்த்தி சாகர் எனப்படுகிறது. அந்த நீர்ப்பரப்புக்குள் பழைய திருவெண்பாக்கம் அமிழ்ந்தது. கோயிலைப் பெயர்த்து மேட்டில் மீண்டும் எழுப்பினார்கள். ஊன்றீசுவரரும் மின்னொளி அம்மையும் இன்று அங்கே தரிசனம் தருகிறார்கள். நாம் சென்னையில் குழாயைத் திறந்து தீர்த்தம் பிடிக்கும்போது, அதற்காக ஒரு பாடல் பெற்ற தலம் தன் இடத்தையே விட்டுக்கொடுத்திருக்கிறது என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்? நகரம் கேட்டது; கிராமம் கொடுத்தது. இந்தப் பாதையின் வரலாறு முழுவதிலும் இதுவே திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

அண்ணனூர்ப் பக்கமும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆவடியில் ராணுவக் கிடங்குகள் வந்தன. வயலாகவும் மேய்ச்சல் காடாகவும் இருந்த நிலங்கள் முள்கம்பி வேலிக்குள் போயின. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. சோஷலிச மாதிரிச் சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறிய புகழ்பெற்ற மாநாடு அதுதான். அதே 1955-ல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை. அடுத்த சில ஆண்டுகளில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. 1964-ல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. சைக்கிளும் டயரும் குழாயும் இயந்திர உறுப்புகளும் செய்யும் ஆலைகள் இருப்புப்பாதையின் இருமருங்கும் எழுந்தன. ஏர் பிடித்தவர்களின் பிள்ளைகள் சங்கொலி கேட்டு ஷிப்டுக்குப் போனார்கள். அது தவறு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஏரி வற்றிய வருஷங்களில் பட்டினி கிடந்தவர்கள் அவர்கள். மாதச் சம்பளம் என்பது வற்றாத ஏரி.

ரயிலும் மாறியது. தெற்கே கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு 1931-லேயே மின்ரயில் ஓடிவிட்டது. மேற்குப் பாதைக்காரர்களோ 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை, திருவள்ளூர் பகுதி மின்மயமாயிற்று. அதற்கு முந்தைய புகைவண்டிப் பயணம் நினைவில் இருக்கும் அன்பர்கள் நம் வாசகர்களில் நிறைய இருப்பார்கள். சலவை வேட்டி கட்டிக்கொண்டு ஏறினால், இறங்கும்போது கரித்தூள் புள்ளி புள்ளியாகப் படிந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினால் கண்ணில் கரி விழும். "கண்ணைக் கசக்காதேடா, தண்ணீர் விடு" என்று பக்கத்து இருக்கைப் பாட்டி யாராவது சொல்வாள்.

மின்ரயில்கள் வந்தபின் அண்ணனூருக்கு ஒரு புதுப் பெருமை சேர்ந்தது. மின்தொடர் வண்டிகளை நிறுத்திப் பழுது பார்க்கும் பணிமனை இந்த நிலையத்தை அடுத்தே இருக்கிறது. ஆவடிப் பணிமனை என்று பெயரென்னவோ ஆவடிக்குப் போய்விட்டது. இரவு ஓய்ந்த வண்டிகள் இங்கே வந்து படுக்கின்றன. விடியற்காலையில் கழுவிச் சுத்தமாகப் புறப்படுகின்றன. மார்கழி மாதத்தில், இருள் பிரியுமுன் நடைமேடையில் நின்றால், பணிமனை விளக்குகளின் வெளிச்சத்தில் வண்டிகள் வரிசையாக நிற்பது தெரியும். எங்கோ ஒரு கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும். மாட்டுத் தொழுவம் போன்ற ஒரு காட்சி என்று எனக்குத் தோன்றும். ரயில்வே நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "சார், எங்க மாடெல்லாம் சாணி போடாது, கிரீஸ்தான் போடும்" என்றார்.

சொந்தக் காரணம் ஒன்று உண்டு என்று மேலே சொன்னேன் அல்லவா? பல ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்தில் ஒரு மனை வாங்கினேன். விற்றவர்கள் அச்சிட்டுக் கொடுத்த வரைபடத்தில் சாலைகள், பூங்கா, பிள்ளையார் கோயிலுக்கு இடம் எல்லாம் அழகாகப் போட்டிருந்தார்கள். கடைக்கால் தோண்டும்போது மூன்றடிக்குக் கீழே கறுத்த களிமண் வந்தது. அதில் நத்தை ஓடுகள். கொத்தனார் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இது நஞ்சை. நல்லா வெளைஞ்ச மண்ணு" என்றார். அப்போது அதை நான் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன். லட்சுமி இருந்த இடம் என்று என் மனைவியிடம் சொல்லி, வாஸ்து பூஜையும் செய்தோம்.

2015 டிசம்பர் மழை நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி வட்டாரங்களில் தெருத்தெருவாகத் தண்ணீர் நின்றது. என் வீட்டு வாசலுக்கும் வந்தது. வாசற்படியைத் தாண்டிக் கூடத்துக்கும் வந்தது. பூஜை அறையில் குத்துவிளக்கின் அடித்தட்டு நனையும் அளவில் நின்றது. படங்களையும் சாளக்கிராமப் பெட்டியையும் மேலே எடுத்து வைத்துவிட்டு, கட்டிலின்மேல் கால்களை மடக்கி உட்கார்ந்தபடி இருவரும் இரவைக் கழித்தோம். அப்போதுதான் அந்தக் கொத்தனார் சொன்னது எனக்கு விளங்கியது. தண்ணீர் தவறாக வரவில்லை. நூற்றாண்டுகளாகத் தான் போய்வந்த வயலுக்குத்தான் அது வந்திருக்கிறது. இடையில் குடியேறியவன் நான்.

மறுநாள் காலையில், பக்கத்து வரிசையில் இருந்த ஒரு முதியவள், இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவள், முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து எங்களுக்கு ஒரு தூக்கில் கஞ்சி கொடுத்தாள். நான் மழையைக் குறை கூறினேன். "மழ என்னா சாமி பண்ணும்? அதுக்குப் போக வழி வுடணும்ல" என்றாள். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் பதில் வைத்திருக்கவில்லை.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. களத்துமேட்டில் கோயிலுக்கு எடுத்து வைத்த பங்கு, ஏரிக்கு எடுத்து வைத்த பங்கு எல்லாம் இந்த நிலத்தின் கடன். நிலத்தை வாங்கிய நாம், அந்தக் கடனை மட்டும் விட்டுவிட்டு வாங்கினோமா? பத்திரத்தில் அது எழுதப்படவில்லை என்பது உண்மை. பெரிய கோயில்களுக்கு உற்சவ உபயம் செய்ய நம்மில் பலர் முன்வருகிறோம், மகிழ்ச்சி. நாம் குடியிருக்கும் தெருவின் கோடியில் நிற்கும் எல்லையம்மனுக்கு ஒருவேளை விளக்கெண்ணெய் யார் தருகிறார்கள் என்று விசாரித்தவர்கள் எத்தனை பேர்? நான் விசாரித்ததில்லை, அந்த மழை வரும்வரை.

விசாரித்தபின் தெரிந்தது ஆடி மாதத்துக் கூழ். வயல் போன பிறகும், இந்தப் பக்கத்து அம்மன் கோயில்களில் ஆடியில் கூழ் வார்ப்பது நின்றதில்லை. முன்னெல்லாம் வீட்டுக்கு வீடு தங்கள் கொல்லையில் விளைந்த கேழ்வரகைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். இப்போது மளிகைக் கடையில் பாக்கெட் மாவு வாங்குகிறார்கள். அண்டா அதே அளவுதான். வேப்பிலைத் தோரணம், பம்பை, கரகம் எல்லாம் உண்டு. டாங்கித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், ரயில்வேயில் பணிபுரிபவர், வெளி மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்து குடியேறியவர் எல்லாரும் தூக்கோடு வரிசையில் நிற்கிறார்கள். முதலில் அம்மனுக்குப் படைத்து, பிறகு பாகுபாடின்றி ஊற்றுகிறார்கள். பழைய மேரைக் கணக்கின் கடைசி வரி இதுதானோ என்று தோன்றுகிறது. இப்போது எங்கள் வீட்டிலிருந்தும் ஆண்டுதோறும் ஒரு மரக்கால் கேழ்வரகு போகிறது. பாக்கெட் மாவாக அல்லாமல் தானியமாகவே வாங்கி, கழுவிக் காயவைத்து, அரைத்துக் கொடுக்க வேண்டும் என்பது என் மனைவியின் பிடிவாதம்.

ஏரிகளைப் பற்றி நல்ல செய்தியும் ஒன்று உண்டு. ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரியைத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்தி, நடைபாதையோடு 2019-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதே ஆண்டில்தான் ஆவடி மாநகராட்சியாகவும் உயர்ந்தது. மாலையில் அந்தக் கரையில் நடக்கும் முதியவர்களைப் பார்க்கிறேன். ஏரி நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கரையேறியவர்களின் பேரப்பிள்ளைகள், சர்க்கரை குறைவதற்காகக் கரையேறுகிறார்கள். எப்படியானால் என்ன, கரையில் மீண்டும் ஆள் நடமாட்டம் இருக்கிறதே!

இனித் திருமுல்லைவாயில் தரிசனத்துக்கு வருவோம். தொண்டைமான் சக்கரவர்த்தி, புழல் கோட்டையை ஆண்ட குறும்பர்மேல் படையெடுத்தபோது, அவன் ஏறிவந்த யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்கியது. வாளால் கொடியை வெட்ட, இரத்தம் பெருகிற்று. புதருள் சிவலிங்கம் கண்டு, தவறிழைத்தேனே என்று தன் கழுத்தையே அறுக்கத் துணிந்தான் மன்னன். இறைவன் தடுத்தாட்கொண்டு, நந்தியைத் துணையாக அனுப்பினார். இந்த முல்லைக்கொடிச் செய்தியைச் சுந்தரர் தம் பதிகத்திலேயே குறிப்பிடுகிறார் என்பதால், அவர் காலத்துக்கு முன்பே வழங்கிய வரலாறு என்பது தெளிவு. போருக்குப் புறப்பட்ட நிலையில் நந்தி சுவாமியை நோக்காமல் கிழக்கு முகமாகவே அமர்ந்திருக்கிறார். குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டு சந்நிதிக்கு முன் உள்ளன. வெட்டுண்ட திருமேனி குளிர்வதற்காக ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு. சித்திரைச் சதயத்தை ஒட்டி மட்டும் அது களையப்பட்டு, மாசிலாமணியின் நிஜத் திருமேனியைக் காணலாம். கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அருணகிரியாரும் இத்தலத்தைத் திருப்புகழில் பாடியுள்ளார். வழி தவறாமல், அருகிலேயே, வாழ்முனி முதலிய பேருருவங்கள் காவல் இருக்கும் பச்சையம்மன் ஆலயத்தையும் தரிசித்து வாருங்கள்.

பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் கூடிய நாளில் காலையில் மேலூர்த் திருவுடை அம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடை அம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடை அம்மன் என மூன்று சக்திகளையும் ஒரே நாளில் தரிசிப்பது இச்சை, ஞானம், கிரியை மூன்றும் கைகூடச் செய்யும் என்பது முன்னோர் நம்பிக்கை. வாடகைக் கார் இல்லாமலே இதனை நிறைவேற்றலாம். கும்மிடிப்பூண்டிப் பாதையில் மீஞ்சூரில் இறங்கினால் மேலூர் அருகில். அங்கிருந்து அதே பாதையில் திருவொற்றியூர் திரும்பலாம். பிறகு பேசின் பிரிட்ஜில் ஆவடி வண்டிக்கு மாறினால் திருமுல்லைவாயில். நிலையத்துக்கு வடக்கே, சென்னை திருவள்ளூர் நெடுஞ்சாலையைக் கடந்து கோயிலுக்குச் செல்ல வேண்டும், ஆட்டோக்கள் கிடைக்கும். மாலையில் வேலை விட்டு வருவோர் கூட்டம் மிகுதியாக இருக்கும் என்பதால், முதியவர்கள் திருவொற்றியூரிலிருந்து மதியமே புறப்பட்டுவிடுவது நல்லது. நடைமேடை மேம்பாலத்தின் படிகள் செங்குத்தானவை, அவசரம் வேண்டாம்.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு பௌர்ணமி வெள்ளியன்று, தூக்கத்தில் திருமுல்லைவாயிலைத் தவறவிட்ட ஓர் அம்மையார், வண்டி அண்ணனூரில் நின்றதும் பதறி எழுந்தார். கையில் எலுமிச்சை மாலை. "ஐயா, கொடியிடை அம்மன் கோயில் போயிடுச்சா?" என்று என்னைக் கேட்டார். "ஒரே ஒரு நிலையம்தான் அம்மா, பின்னால் இருக்கிறது; இங்கே இறங்கினாலும் ஆட்டோவில் போய்விடலாம்" என்றேன். இருவருமாக இறங்கினோம். வெளியே வந்ததும், மூலையில் இருந்த சிறிய அம்மன் சந்நிதியின் முன் அவர் நின்றார். மாலையிலிருந்து ஒரு பழத்தைக் கழற்றி அங்கே வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஆட்டோவில் ஏறினார்.